சீன டொக்டர் சொன்னது

டிரெஸ்டன், 04.02.2024

அன்புள்ள பிறேமா அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? எனக்கு இன்னும் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் வயிற்றால் போகிறது, இரத்தமும்தான். குடல் அழற்சி அடங்காவிட்டால் பெருங்குடலை வெட்டி எடுத்து, மலம் போக வயிற்றில் பை கட்டுவார்களாம். எனக்கு இருபத்தொன்பது வயதுதான் அக்கா. பயமாக இருக்கிறது.

நீங்கள் கூட்டிப்போன சீன டொக்டரைத்தான் நம்பியிருக்கிறேன். அவருடைய கசாயத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு நேரமும் குடிக்கிறேன். அவர் சொன்னபடியே ஆஸ்பத்திரிக் குளிசைகளை நிறுத்திவிட்டேன். அவர் பேசிய டொச் மொழியை நீங்கள் தமிழில் சொல்லியிராவிட்டால் என்ன செய்திருப்பேன்?

உங்கள் தங்கை,
மக்டலீன்

ஸ்டுட்கார்ட், 10.02.2024

என் செல்லத் தங்கச்சிக்கு,

கெட்டிக்காரி. பத்தியத்தை மட்டும் முறிக்காதே. கத்தரிக்காய், இறால், புளி வேண்டாம். குளிசைப் பெட்டியை உன் மனுசன் ஜெசிந்தன் எடுத்து நீட்டினாலும் தொடாதே. ஆம்பிளையளுக்கு இது விளங்காது. அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறேன்.

அன்பு அக்கா,
பிறேமா

டிரெஸ்டன் ஆஸ்பத்திரி, 06.03.2024

அன்புள்ள அக்கா,

படுத்தபடி எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும். அடுத்த வியாழன் ஒப்பரேஷன்.

நேற்று ஜெசிந்தன் டொச் தெரிந்த கூட்டாளி ஒருவரைக் கொண்டு சீன டொக்டருக்குப் போன் எடுப்பித்தார். குளிசையை நிறுத்த அவர் சொல்லவே இல்லையாம். கசாயத்தோடு அதையும் கட்டாயம் எடுக்கச் சொன்னாராம்.

எனக்கு நினைவிருக்கிறது. அவர் என் குளிசைப் பெட்டியைத் தட்டித் தட்டி நெடுக ஏதோ சொன்னார். "என்ன சொல்லுறார்?" என்று கேட்டேன். "இதெல்லாத்தையும் விடட்டாம்" என்றீர்கள். ஒரு வரி எழுதுங்கோ அக்கா. போனில் என்றால் அழுதுவிடுவேன்.

மக்டலீன்

ஸ்டுட்கார்ட், 09.03.2024

மக்டலீன்,

ஓம். நான்தான் மாற்றிச் சொன்னேன். ஊரில் நாட்டு மருந்து குடித்தால் இங்கிலிஸ் மருந்தை நிறுத்துவோமே, அதே பத்தியம்தான் இதற்கும் என்று நினைத்தேன். ஒன்றை ஒன்று முறித்துவிடும் என்று பயந்தேன். டொக்டருக்கு மேலால் நான் டொக்டராகிவிட்டேன். உன் குடலை நானே அறுத்த மாதிரி இருக்கிறது. புதன்கிழமை வரட்டா?

பிறேமா

டிரெஸ்டன் ஆஸ்பத்திரி, 20.03.2024

பிறேமா அக்காவுக்கு,

அந்தப் புதன்கிழமை வரவேண்டாம் என்று ஜெசிந்தனைச் சொல்லச் சொன்னது நான்தான். ஒப்பரேஷன் முடிந்தது. பை கட்டியிருக்கிறார்கள். குளிசை எடுத்திருந்தாலும் இது வந்திருக்கலாமாம். எடுத்திருந்தால் தப்பியிருப்பேனா என்று இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. அதுதான் தாங்க ஏலாமல் இருக்கிறது.

திங்கள் வாங்கோ. கஞ்சி கொண்டு வாங்கோ. டொக்டர் வரும் நேரம் மட்டும் அறைக்கு வெளியே நில்லுங்கோ. மொழிபெயர்க்க ஆஸ்பத்திரியால் ஒரு பெண் வருகிறா. எனக்கு அவ சொந்தமும் இல்லை, பழக்கமும் இல்லை. டொக்டர் சொல்வதை அப்படியே சொல்கிறா.

மக்டலீன்