சிவப்புக் கோட்டுக்கு வெளியே ஆறு வீடுகள்

அன்புள்ள மச்சான் ஜெரால்ட்,

இன்னும் 'அன்புள்ள' என்றுதான் கை எழுதுகிறது. அதற்கும் சேர்த்தே உன்மேல் கோபம் வருகிறது. வருகிற மாதம் நீ போய் ஒரு வருடம். ஆண்டுப் பூசைக்கு அச்சடிக்கும் மலரில் போட நாலு வரி எழுதித் தரும்படி, கூடப் பிறக்காவிட்டாலும் என்னை அண்ணன் என்றே கூப்பிடும் உன் ரோஸி கேட்டிருந்தாள். நாலு வரிக்குள் அடங்குகிற மாதிரி நீ எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை.

கண்டி ஆபீசில் பதினொரு வருடம் எதிரெதிர் மேசையில் இருந்தோம். மலையில் ஏறி, எந்தச் சரிவு மழைக்குச் சரியும் என்று பார்த்து, கம்ப்யூட்டர் வரைபடத்தில் அந்த இடத்தைச் சிவப்பாக்குவது நம் வேலை. சிவப்புக்குள் விழுந்த வீட்டில் யாரும் குடியிருக்கக் கூடாது. நம் உத்தியோகத்தின் பெயர் என் அம்மாவின் வாயில் கடைசிவரை நுழையவில்லை. "மகன் கம்ப்யூட்டர்ல மலைக்குக் கலர் அடிக்கிறான்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

ஒருவர் வரைந்ததை மற்றவர் புள்ளி புள்ளியாகப் பார்த்து, 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் பெயர் போட வேண்டும். ஆபீஸ் சட்டம் அது. நம் சட்டம் வேறு. வெள்ளிக்கிழமை பின்னேரமானால் வீட்டுக்குப் போக நாவலப்பிட்டி பஸ்ஸைப் பிடிக்கக் குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு ஓடுவாய். "மச்சான், ஒன் பேரப் போட்டுரு. ஒன்னோடதுக்கு நான் போட்டுட்டேன்" என்பாய். நானும் போட்டுவிடுவேன். உன் படத்தை உட்கார்ந்து சரிபார்த்தால் உன்னையே சந்தேகப்படுவதுபோல எனக்குக் கூச்சமாக இருக்கும்.

போன மாத மழையில் உன் வீட்டு வரிசையில் மூன்றாவது வீட்டின் பின்சுவர் மண்ணோடு சேர்ந்து குசினிக்குள் அடுப்புவரை வந்துவிட்டது. மகாலெட்சுமி அக்காவும் பிள்ளைகளும் கோயிலுக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினார்கள். பார்த்துவர என்னைத்தான் அனுப்பினார்கள். அக்கா சத்தம் போடவில்லை.

"சேர், போன வருசம் நீங்கதானே சொன்னீங்க, படத்துல செவப்பு இல்ல, பயப்படாம படுங்கன்னு?"

ஆமாம், நான்தான் சொன்னேன். நீ வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

ஆபீசுக்குத் திரும்பியதும் பழைய கோப்புகளைக் கிண்டினேன். அந்தச் சரிவில் நான் மேலே நிலவெடிப்புகளை அளந்துகொண்டிருக்க, நீ ஜிபிஎஸ்ஸோடு எல்லையை நடந்தாய் அல்லவா? அந்தப் புள்ளிகளை நீ அழிக்கவில்லை. அவற்றை வரைபடத்தின்மேல் போட்டேன். நீ நடந்த எல்லை உங்கள் ஆறு வீடுகளுக்கும் கீழே, ரோட்டோரமாகப் போகிறது. ஆறும் சிவப்புக்குள். நீ வரைந்த கோடு உங்கள் குசினிகளுக்குப் பின்னால், மேலேயே நின்றுவிட்டது. ஆறும் வெளியே. நடக்கும்போது நீ நேர்மையாகத்தான் நடந்திருக்கிறாய். மேசைக்கு வந்த பிறகுதான் மனது மாறியிருக்கிறது. கீழே 'சரிபார்த்தவர்' கட்டத்தில் என் பெயர்.

கை தவறியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை, உன் கை எனக்குத் தெரியும். உன் வீட்டை மட்டும் விட்டு வளைத்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்கும். அதனால் பக்கத்து ஐந்து வீடுகளையும் சேர்த்து வெளியே எடுத்து, மலையோடு மலையாகப் போவதுபோலக் கோட்டை இழுத்திருக்கிறாய். அவ்வளவு சுத்தமான வேலை.

தோட்டத் தொழிலாளர் லயத்தில், ஒற்றை அறையில் பிறந்தவன் நீ. ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கட்டிய வீடு அது. சிவப்பு விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? ஏன்டா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? மாட்டேன் என்பேன் என்று பயந்தாயா? இல்லை, சரி என்றுவிடுவேன் என்று பயந்தாயா?

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். கோட்டை நீ நடந்த இடத்திலேயே திருப்பிப் போட்டுவிட்டேன். நீ மாற்றியதையும், நான் பார்க்காமலே பெயர் போட்டதையும் எழுதி மேலிடத்தில் கொடுத்திருக்கிறேன். விசாரணை வரும், என் வேலை போனாலும் போகும். ஐந்து வீட்டாரும் இப்போது பள்ளிக்கூட மண்டபத்தில் இருக்கிறார்கள். என்ன நடந்தது என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை மலருக்குத் தராமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

ஆறாவது வீட்டுக்கு ஆபீஸ் கடிதம் போகும்முன் நானே போனேன். ரோஸி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அவரு படத்தக் காட்டி, நமக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னாருண்ணே. அப்ப அவருக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உள்ளே உன் மகள் ஷாலினி கட்டிலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். கட்டில் பின்சுவரை ஒட்டிக் கிடந்தது.

"தெரியும் தங்கச்சி" என்றேன்.

அவள் அழவில்லை. எழுந்து போய் அலுமாரியைத் திறந்து ஷாலினியின் பள்ளிக்கூட உடுப்புகளை எடுத்தாள். "மழை புடிக்க முந்திக் கெளம்புவோம்ணே" என்றாள்.

இருவரும் கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆறு குடும்பங்களுக்கும் பத்திரமான இடம் கிடைக்கும்வரை ஏறாத ஆபீஸ் இல்லை என்று ஏறுவேன். ஷாலினியின் படிப்பு ஒரு நாளும் நிற்காது. இது வாக்கு. ஆண்டுப் பூசைக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு வருவேன். கோயில் வாசல்வரைக்கும் வருவேன். உள்ளே வந்து உனக்காக முழங்கால் போடுவேனா என்று மட்டும் என்னிடம் கேட்காதே.

இப்படிக்கு,
ரோஸியின் அண்ணன்,
சிவகுமார்