அடிக்காத மணி

பங்குனி, வியாழன்

பால் சங்கத்தில் கரண்டு போய்க் குளிர்தொட்டியின் பால் முழுவதும் திரிந்துவிட்டது. சூடேறினால் மணி அடிக்கும் புரோகிராமை எழுதிக் கொடுத்தவன் நான். கம்ப்யூட்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது; மணி அடிக்கவில்லை.

காரணம் எனக்கு உடனே தெரிந்தது. புரோகிராமின் திரையைத் திறக்கும்போதெல்லாம், மணியடிக்க வேண்டிய ஒரு ஆப்ஜெக்ட், அதாவது புரோகிராமின் ஒரு துண்டு, ‘சூடேறினால் எனக்குச் சொல்’ என்று பதிந்துகொள்ளும். முன்பு, திரையை மூடிய பின்னும் பழையவை நினைவகத்தில் தங்கி, எல்லாம் சேர்ந்து அலறின. அதற்குப் பயந்து வீக் ரெஃபரன்ஸாக மாற்றினேன். அதாவது, பதிந்துகொண்டதை இறுக்கிப் பிடிக்காத பிடி. வேறு ஏதாவது அதைப் பிடித்திருக்கும் என்று நம்பினேன். எதுவும் பிடிக்கவில்லை. யாருக்கும் வேண்டாததென்று கம்ப்யூட்டர் அதைத் துடைத்துவிட்டது. ஒரு பிழைச்செய்திகூட வரவில்லை.

செக்ரட்டரி கந்தசாமி பால் ஊற்ற வந்தவர்கள் முன்னாலேயே கேட்டார்: “போன தடவ நிக்காம கத்துச்சு, இப்ப வாயே தொறக்கல. உங்க புரோகிராம் மௌன விரதமுங்களா சார்?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“ஒரு வரி சேத்தாப் போதுமுங்க” என்றேன்.

“வேண்டாமுங்க. கோயமுத்தூர் கம்பெனிக்குப் போன வாரமே சொல்லியாச்சு. நாளைக்கு வந்து புது மணி மாட்டறாங்க. நீங்க ஊட்டுல ரெஸ்ட் எடுங்க.”

போன வாரமே. பால் திரியும் முன்பே. என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டிருக்கலாம். “சரிங்க” என்றுதான் வாயில் வந்தது.

வீட்டுக்கு வந்து, மணியை இறுக்கிப் பிடிக்கும் அந்த ஒரு வரியை எழுதினேன். கணீரென்று அடித்தது.

“அத நிறுத்துங்க, சீரியல் கேக்கல” என்றாள் மனைவி சரஸ்வதி.

நிறுத்தினேன்.