சீமாட்டி நிற்கிற நிற்பு

அன்புள்ள கொழுந்தனுக்கு,

அண்ணி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் அண்ணனின் தொந்தி மட்டும் தனிக்குடித்தனம் போகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. எதிர்மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் பல் டாக்டருக்கும் அவர் மாமியாருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். ஏனென்று இன்னும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளாமல் விடமாட்டேன்.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்குக் கடுதாசி எதற்கு என்பாய். போனில் உன் குரல் வந்தால் கொல்லையில் இருக்கும் கொட்டகைக்கும் கேட்டுவிடுகிறது. அதுதான் தொல்லை.

மனசு ஒரு நிலையில் இல்லை. தையல் மெஷினுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். காலையில் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். உன் அண்ணன் எடுத்துப் பார்த்து, "யாரு, நண்டுக்கா தைக்கிற?" என்றார்.

விஷயம் சீமாட்டியைப் பற்றித்தான். உன் குதிரைக்கு நீ அந்தப் பெயர் வைத்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்கு இரண்டாம் இடம்தான், அது வேறு கதை. குளம்பு நோய் முற்றிவிட்டது. உள்ளே எலும்பு இறங்கி அடிக்குளம்பை அழுத்துகிறதாம். மருந்து கொடுத்தால் கொஞ்சம் தேவலை. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. சோபா மெத்தையைக் கிழித்து, ரெக்சின் வைத்து அவளுக்குச் செருப்பு தைத்துப் போட்டேன். என் தையல் சரித்திரத்திலேயே அளவு சரியாக வந்த முதல் உருப்படி! பலன்தான் இல்லை.

ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிடலாம் என்கிறார் கால்நடை டாக்டர். "இனிமே இழுத்தடிச்சா அது உங்களுக்காகத்தான் இருக்கும், அதுக்காக இருக்காது" என்றார். உன் அண்ணன் தலையாட்டிவிட்டு, "அவன் குதிரையாச்சே, அவன்ல சொல்லணும்" என்று கழன்றுகொண்டார். நீயோ, "நல்லாத்தானே நிக்கிறா அண்ணி! காதை எப்படி வச்சிருக்கா பாருங்க! லீவுல வந்து நான் பாத்துக்கறேன்" என்கிறாய்.

தம்பி, நீ பார்க்கிற நேரத்தில் அவள் நிற்பது நிஜம். ஆனால் நீ கூப்பிடும்வரை சுவரோரம் படுத்தே கிடக்கிறாள். "எழுந்திருடி என் சீமாட்டி" என்று உன் குரல் வந்ததும் உடம்பெல்லாம் நடுங்க எழுந்து, நாலு காலையும் ஊன்றி, காதை நிமிர்த்துகிறாள். உன் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் தலைவலியை மறைத்துத் துள்ளி எழுந்த மருமகள் நான். இந்த வித்தை எனக்குத் தெரியாதா? நீ போனை வைத்ததும் தொப்பென்று விழுகிறாள். அப்புறம் தண்ணீரை வாயருகே கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அதைப் படம் பிடித்து அனுப்பலாமே என்பாய். பிடித்தேன். அனுப்பத்தான் கை வரவில்லை. தனி அறையில் உட்கார்ந்து நீ அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பாய்.

அங்கே லாயத்தில் நீ ஊரார் குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாய். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொன்னவர் எதிரே வந்தால் நிற்கவைத்து நாலு கேள்வி கேட்பேன். அந்தக் குதிரைகளில் ஒன்று இப்படிக் கிடந்தால் டாக்டருக்கு முன்னால் நீயே சொல்லியிருப்பாய். உன் குதிரை என்பதால் பாசம் கண்ணை மறைக்கிறது. உன்னைக் குறை சொல்லவில்லை. என் கண்ணும் இப்போது சரியாகத் தெரியவில்லை.

இது கைக்கு வந்ததும் கூப்பிடு. நாள் குறித்து டாக்டரை வரச்சொல்லி வைக்கிறேன். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, போனைக் காதருகே நானே பிடித்துக்கொள்கிறேன். இந்தத் தடவை எழுந்திருடி என்று சொல்லாதேப்பா. படுத்துக்கோடி என்று சொல். நான் சொன்னால் கேட்கமாட்டாள். நான் சொல்லி இந்த வீட்டில் எது நடந்திருக்கிறது?

அன்றைக்கு வேலைக்குப் போகாதே. யாராவது ஒரு சிநேகிதனைப் பக்கத்தில் வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. கை கால் சுகத்தோடு நன்றாயிரு, ராசா.

போன் மணியையே எதிர்பார்த்திருக்கும்
உன் அண்ணி