ஈரல் ஊசி

2008 மார்ச் 4, செவ்வாய்
ராசம்மா சோற்றுப் பானையை மறுபடியும் கீழே போட்டுவிட்டாள். "கையில என்னடி, எண்ணெய தடவிக்கிட்டா நிக்கிற?" என்று கத்திவிட்டேன். "மரத்துப்போகுதுங்க" என்றாள். பத்து வருடமாகச் சீனி வருத்தம், மெட்போமின் மாத்திரை குடிக்கிறாள். சீனிதான் காரணம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நான் என்ன டாக்டரா?

மார்ச் 11
புஹாரி நானா கடையில் இரண்டு மீன் ரோல்ஸ். பிறகு ஒரு கராம்பை மென்றுவிட்டு ஸ்டோருக்குத் திரும்பினேன். நாள் முழுக்க கராம்பு நிறுப்பவன் வாயில் கராம்பு மணந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

மார்ச் 12
எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மகன் லெட்சுமணனைக் கொழும்பு ரவுண்டப்பில் பொலிஸ் சுற்றிவளைத்துப் பிடித்துக்கொண்டு போன மறுவாரம், மாத்தளை மாரியம்மன் முன்னால் நேர்ந்தவன் நான். மகன் வீடு வரும்வரை எங்கள் இருவர் வாயிலும் மீன், இறைச்சி, முட்டை, கருவாடு படாது என்று. ராசம்மா பக்கத்தில் கைகூப்பி நின்றாள், அவ்வளவுதான். இரண்டு வருடமாகியும் அவள் அதைக் காக்கிறாள். நான் எட்டு மாதம்தான் தாக்குப்பிடித்தேன்.

மார்ச் 29
சந்தையிலிருந்து வந்தவளின் இடது குதிகாலில் ரத்தம். "ஒரு செருப்பு எங்க?" என்றேன். "போட்டுக்கிட்டுதானே இருக்கேன்" என்றவள், குனிந்து பார்த்துத் திடுக்கிட்டாள். பஸ்ஸிலேயே கழன்றிருக்கிறது. உக்குவளைச் சந்தியிலிருந்து வெறுங்காலோடு நடந்திருக்கிறாள், தெரியவில்லை. ஐயோ, இவளிடமா நான் கத்தினேன்!

ஏப்ரல் 2
கிளினிக். லேடி டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். உரித்தது போலச் சிவந்திருந்தது. ரத்தமும் பார்த்தார்கள். சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: பி-12 விட்டமின் குறைந்துவிட்டது, மெட்போமினை நெடுங்காலம் குடித்தால் உடம்பு அதைச் சரியாக எடுக்காது, மரக்கறியிலும் அது கிடையாது, ஊசி போடாமல் விட்டால் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பாது. "மீன், முட்டை ஒன்றுமே இல்லையா? வீட்டில் ரெண்டு பேருமா?"
"ரெண்டு பேரும்தான்" என்றேன். ராசம்மா பெருமையோடு தலையாட்டினாள். செத்துவிடலாம் போலிருந்தது.

ஏப்ரல் 4
பக்கத்து வீட்டு வேலம்மா வந்து கெடுத்தாள். "செவப்பா இருக்குமே, அந்த ஊசியா? அது ஈரல்ல எடுக்கிறது. எங்கம்மாவுக்கு அந்தக் காலத்துல போட்டாங்க, ஈரல் ஊசின்னே சொல்வாங்க."
இப்போது ஈரலில் எடுப்பதில்லை என்று கிளினிக்கில் கேட்டுவந்து சொன்னேன். நம்பவில்லை. "வேணாங்க. கால் போனா போகட்டும். எனக்கு எம்புள்ள வரணும்."

ஏப்ரல் 5
சொல்லிவிட வேண்டும். சொன்னால், மகன் வராததற்கு நான்தான் காரணம் என்பாளே. நான்தானோ?

ஏப்ரல் 7
சொல்லிவிட்டேன். அடுப்படியில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல். "நேர்த்தி எப்பவோ ஒடஞ்சுபோச்சு ராசம்மா. நான்தான் ஒடச்சேன். இனி நீ ஊசி போடுறதால ஒன்னும் கெடப்போறதில்ல."
"எத்தன நாளா?"
"ஒரு வருசத்துக்கு மேல."
அவள் திட்டியாவது தொலைத்திருக்கலாம். தேங்காயைத் துருவிக்கொண்டே இருந்தாள். விரல் சீவி ரத்தம் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் பிடித்து இழுத்தேன்.

ஏப்ரல் 8
தானே கிளம்பினாள். ஊசி போட்டாயிற்று. திரும்பும்போது நான்கு முட்டை வாங்கினாள். அவள் தட்டில் முட்டைக் குழம்பு, என் தட்டில் பருப்பும் முருங்கைக்கீரைச் சுண்டலும்.
"எனக்கு இது மருந்து. ஆத்தாகிட்ட சொல்லிக்கிட்டேன்," என்றாள். "நேர்ந்தது நீங்க. இனிமே விரதத்த நீங்க புடிங்க."

ஏப்ரல் 30
பருப்பு.

ஜூலை 19
கோயிலுக்குப் போய் வந்தோம். பாதையில் சட்டென்று நின்றாள். "ஏங்க, கல்லு குத்துது!" வலிக்கிறது என்று சொல்லிச் சிரித்த மனுஷியை இன்றுதான் பார்த்தேன். கைவிரல் நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அங்கே உணர்வு திரும்புமோ தெரியாது என்கிறார் டாக்டர். லெட்சுமணனின் வழக்கு மறுபடியும் தள்ளிப்போயிருக்கிறது.

வரும் வழியில் புஹாரி நானா கடை வாசலிலிருந்து கூப்பிட்டார். "என்ன அண்ணே, மூனு மாசமா இந்தப் பக்கமே காணோம்? ரோல்ஸ் சூடா இருக்கு."
ராசம்மா என்னைப் பார்க்காமல் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
"மகன் வரட்டும் நானா" என்றேன்.