இருவர் வசிக்கும் வீடு

நம் மகளின் அம்மாவுக்கு,

இங்கே நலம். உன் அண்ணன் வீட்டில் உனக்கு ஒரு குறையும் இருக்காது. கடிதத்தை முதலில் பிரிப்பவர் அவர்தான் என்பதால் அவருக்கும் என் வணக்கம்.

மகள் கல்யாணமாகிப் போனபின் காலியாகக் கிடந்த அறையைப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறேன். வீட்டைச் சத்திரமாக்கிவிட்டேன் என்று உன் அண்ணன் எல்லாரிடமும் சொன்னாராம். வேலை போனவன் வங்கித் தவணையை எதை வைத்துக் கட்டுவான் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். படித்தவர்தானே.

இப்போது நகராட்சியில் புது விதி. அறை விடுபவர்கள் பதிவு செய்ய வேண்டும். உரிமையாளர்கள் அத்தனை பேரும் அங்கேயே குடியிருந்தால் வீட்டு வரி. ஒருவர் இல்லாவிட்டாலும் விடுதி வரி. அதைக் கட்டினால் தவணைக்கு மிஞ்சாது, வீடு வங்கிக்குப் போய்விடும். பத்திரத்தில் உன் பெயரும் இருக்கிறது. வசிப்பவர்கள் இருவர் என்று எழுதிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை வரி ஆய்வாளர் வந்தார். நீ கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். "பரவால்ல சார், அம்மா வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தேநீர் கொடுத்தேன். குடித்தார். மறுபடியும் கொடுத்தேன். கை கழுவக் குளியலறைக்குப் போனவர் சிரிக்காமல் திரும்பி வந்தார்.

"உங்க பிரஷ் நனைஞ்சிருக்கு. அம்மாவோடது எலும்பா காஞ்சு கிடக்கு. பல்லு தேய்க்காமயா கடைக்குப் போனாங்க?"

செருப்பை மாட்டும்போது சொன்னார்: "எல்லார் வீட்லயும் இருக்கறதுதான் சார். அடுத்த வியாழக்கிழமை வர்றேன். போய்க் கூட்டிட்டு வந்துடுங்க." வரியை ஏற்றியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இரக்கப்பட்டுவிட்டுப் போனார்.

அவரை ஏமாற்ற வைத்த பிரஷ் என்று உன் அண்ணன் சொல்வார். நீ போன அன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது, அவ்வளவுதான். ஏமாற்ற நினைத்திருந்தால் நனைத்து வைத்திருப்பேன். இப்போது தினமும் காலையில் நனைத்து வைக்கிறேன்.

என் பேச்சைத் தாங்க முடியவில்லை என்றுதான் போனாய். அது மாறவில்லை என்பது இதைப் படித்தாலே தெரியும். வியாழக்கிழமை அவர் வந்து போகும்வரை மட்டும் வீட்டில் இரு. என்னோடு பேச வேண்டியதில்லை. அறை விஷயமாக மட்டுமே கேட்கிறேன்.

வரும்போது பிரஷ் எடுத்து வர வேண்டாம்.

இப்படிக்கு,
வசிப்பவர்கள் இருவரில் ஒருவன்