வெளிப்பக்கம் தொங்கிய ஆமைப்பூட்டு

என் அன்பு மச்சாள் பூமணிக்கு,

வருகிற கிழமையோடு நீர் போய் ஒரு வருடம். முப்பத்தோராம் நாளே வந்திருக்க வேண்டிய உமது நினைவுப் புத்தகத்தை, கல்வெட்டை, இப்போதுதான் அச்சிடப் போகிறோம். சண்டைக்குள் தீவை விட்டு ஓடுகிற ஓட்டத்தில் அன்றைக்கு யார் அச்சகம் தேடுவது? கடதாசித் தட்டுப்பாடு வேறு. பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்தான் வரும், கோபிக்காதையும்.

ஜேர்மனியில் இருந்து உமது மகன் மோகன் எழுதியிருக்கிறான். “மாமி, அம்மாவைப் பற்றி நீங்கள்தான் எழுதவேணும். உங்களைவிட ஆருக்கு அவவைத் தெரியும்?” என்று. அவன் எதிர்பார்ப்பது என்னவென்று எனக்குத் தெரியாதா? அடக்கமானவர், வந்தவரை உபசரிப்பவர் என்று நாலு வரி. அடக்கமோ! அடுத்த வீட்டுப் பூட்டைச் சைக்கிள் கம்பியால் திறந்த பெண்ணை எந்த ஊர்க் கல்வெட்டில் அடக்கமானவர் என்று போட்டிருக்கிறார்கள்?

ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். உமக்கு எழுதுகிற கடிதத்தை மற்றவர்களும் வாசிக்கட்டும்.

எல்லாம் எங்கள் தீவில், சுருவிலில் உமது வீட்டுக் கிணற்றடியில் தொடங்கியது. முன்வீட்டுச் சனம் கிளிநொச்சிக்குப் போகும்போது வாசல் பூட்டின் திறப்பை உம்மிடம் தந்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமைகளில் வீட்டைக் கூட்டி, சாமிப்படத்துக்கு விளக்குக் கொளுத்தவேண்டும். ஆள் இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமை வீடு இருட்டிக் கிடக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை. மூன்றாம் கிழமையே அந்தத் திறப்பைக் கிணற்றுக்குள் விழுத்திவிட்டு வந்து என் குசினி வாசலில் நின்றீர். முகத்தில் ஈயாடவில்லை.

“உடைப்பமே?” என்று கேட்டேன்.

“என்ன மச்சாள் கதைக்கிறீர்? ஊரான் வீட்டுப் பூட்டை உடைச்சாக் களவெல்லே?”

“கம்பியாலை திறந்தா மட்டும்?”

“திறந்தாத் திரும்பப் பூட்டலாம்தானே!”

அதுதான் உமது நியாயம். உமது பெட்டகத்தில், கொண்டியில் கொழுவி அமத்தினால் திறப்பில்லாமலே பூட்டிக்கொள்ளும் பழைய ஆமைப்பூட்டு ஒன்று கிடந்தது, அதை இரும்புவாளால் அறுத்து உள்ளே பார்த்தோம். வரிசையாக ஐந்து பித்தளை முளைகள். சரியான திறப்பு அந்த ஐந்தையும் அததற்குரிய உயரத்துக்குத் தூக்கும், பூட்டுத் திரும்பும். அவ்வளவுதானா சங்கதி என்று நீர் சிரித்தீர். குடைக்கம்பி ஒன்றை வளைத்துப் பூட்டின் வாயில் கொடுத்து, திருப்புகிற பக்கமாக ஒரு சொட்டுப் பாரம் வைக்கவேண்டும். தட்டையாக அடித்த சைக்கிள் கம்பியால் முளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கவேண்டும். முளை தன் இடத்துக்கு வந்தால் விரலுக்கு மட்டும் தெரிகிற ஒரு சின்னத் துடிப்பு வரும்.

எனக்கு எங்கே வந்தது? பாரம் கூடக் கொடுத்து இரண்டு குடையின் கம்பிகளை முறித்து முடித்தேன். “முண்டாதையும் மச்சாள்! குழந்தையின்ரை காதைத் தொடுற மாதிரித் தொடும்,” என்று நீர் பேசிப் பேசிச் செய்தீர். மூன்றாம் நாள் முன்வீட்டுப் பூட்டுத் திறந்தபோது நாங்கள் கத்திய கத்தலில், பாம்பு என்று நினைத்து என் மனுசன், உமது அண்ணை, பொல்லோடு ஓடி வந்தார். “நல்ல குடும்பத்துப் பொம்பிளையளுக்கு நல்ல பொழுதுபோக்கு,” என்று அவர் முணுமுணுத்தாலும், பிறகு நாங்கள் பழகும்போதெல்லாம் கதிரையைக் கிட்டப் போட்டுக்கொண்டு பார்த்தபடிதான் இருப்பார்.

பிறகு அது பழக்கமாகவே போய்விட்டது. கிடைத்த பழைய பூட்டையெல்லாம் சேர்த்தோம். ஒருவர் எண்ண மற்றவர் திறப்பது போட்டி. நீர் இருபது எண்ணுவதற்குள் திறப்பீர். நான் நூறு தாண்டியும் கடைசி முளையில் மாட்டிக்கொண்டு நிற்பேன். வருடத்துக்கு வருடம் வீடுகள் பூட்டுப்பட்டன. திறப்புத் தராமல் போனவர்களும் “பூமணியக்கா திறப்பாதானே, ஒரு விளக்கு வைக்கச் சொல்லுங்கோ” என்று கொழும்பில் இருந்து கடிதம் போடத் தொடங்கினார்கள்.

பூட்டைத் திறப்பது பழகிவிடும். திறந்த வீட்டுக்குள் போவது எனக்குக் கடைசிவரை பழகவில்லை மச்சாள். கதவைத் தள்ளியதும் வெக்கையாக ஒரு காற்று முகத்தில் படும், ஆரோ கிட்ட நின்று மூச்சு விட்டதுபோல. கலண்டர் அவர்கள் போன திகதியிலேயே நிற்கும். யன்னல் எல்லாம் சாத்திக் கிடக்க, கூரை வளையில் பிள்ளைக்குக் கட்டிய ஏணைக் கயிறு மெல்ல ஆடும். அதைப் பார்க்காத மாதிரி நீர் கூட்டிக்கொண்டே போவீர்.

ஆளில்லாத வீட்டுக்குள் நின்று ஒருவரையும் கூப்பிடக் கூடாது என்று ஊரில் சொல்வார்கள். ஒருநாள் முன்வீட்டில் நான் மறந்துபோய் “மச்சாள்” என்று கூப்பிட்டேன். பின்னறையில் இருந்து “ஓம்” என்று குரல் வந்தது. உமது குரல்தான். யன்னலால் பார்த்தால் நீர் வெளியே முற்றத்தில் விளக்குமாற்றைத் தட்டிக்கொண்டு நிற்கிறீர். அன்றைக்கு எனக்குக் காய்ச்சலே வந்தது. அதன் பிறகு பூட்டிய வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் வாயே திறப்பதில்லை.

அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

போன வருடம் ஆவணி வெள்ளி. ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த நொத்தாரிசு வீடு. பொழுதுபட முன்னமே வீட்டுக்குப் போய்விடவேண்டும் என்று நாலு மணிக்கே போனோம். பூட்டை நான்தான் திறந்தேன், கம்பிகளை வாசல்படியில் வைத்தேன். நீர் பின்னறை கூட்டப் போனீர். நான் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது ஆமியின் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. கிணற்றடிப் பக்கம் ஆரோ ஓடுகிற சத்தமும் கேட்டது. நீர் பின்பக்கத்தால் பங்கருக்கு ஓடிவிட்டீர் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. வெளியே பாய்ந்தேன், கதவை இழுத்தேன், பூட்டைக் கொழுவி அமத்தினேன், ஓடினேன். ஹெலியில் இருந்து துவக்குச் சன்னம் பாயும் நேரத்தில் எந்த மடைச்சி பூட்டிவிட்டு ஓடுவாள்? கை தன்பாட்டில் செய்துவிட்டது மச்சாள். திறந்தால் பூட்டவேண்டும்.

எங்கள் பங்கருக்குள் நீர் இல்லை. அடுத்த வளவுப் பங்கருக்குள் இருப்பீர் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஹெலி போனதும் உமது அண்ணை தேடிப் போனார். நெடுநேரம் கழித்து, சேட்டெல்லாம் இரத்தமாய் வந்தார். “கிணத்தடியிலை கிடந்தவள். முடிஞ்சுது,” என்றார்.

மறுநாள் ஆம்பிளைகள் உம்மைச் சுடலைக்குக் கொண்டுபோன பிறகு, ஒருவருக்கும் சொல்லாமல் நொத்தாரிசு வீட்டுக்குப் போனேன். முன்கதவில் ஆமைப்பூட்டு, நான் அமத்தியபடியே. அப்பாடா, நீர் முதலே வெளியில் வந்துவிட்டீர், நான் உம்மைப் பூட்டவில்லை என்று நெஞ்சு ஆறியது. ஆறின நெஞ்சோடு பின்பக்கம் போனேன். பின்கதவைத் தள்ளினேன். அசையவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. அந்தக் கதவின் கொண்டி உள்ளே துருப்பிடித்து இறுகிப்போய், வருடக்கணக்காக நாங்கள் திறக்காத கதவு. யன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி.

அப்படியென்றால் நீர் எந்த வழியால் வெளியே வந்தீர்?

அன்று பின்னேரமே வள்ளத்தில் அராலிக்கு வந்து, இப்போது கொக்குவிலில் ஆரோ விட்டுப்போன வீட்டில் ஓர் அறையில் இருக்கிறோம். சாப்பாட்டுக்கு நிவாரணம் வருகிறது. உமது அண்ணை மெலிந்துவிட்டார், என் முகத்தைப் பார்த்துக் கதைப்பது குறைவு. என் தலைக்குள் இந்த ஒரு கேள்விதான். வெளியில் பூட்டிய ஆமைப்பூட்டை உள்ளே நிற்பவர் திறக்க ஏலுமா?

சிரியாதையும். நான் பரீட்சித்தே பார்த்தேன். அடுத்த அறையில் இருக்கிற செல்வராணி அக்காவிடம் ஒரு பூட்டைக் கொடுத்து, வெள்ளிக்கிழமைகளில் என்னை உள்ளே வைத்து வெளியில் பூட்டச் சொன்னேன். “உமக்கு விசர் பிடிச்சிட்டுது, பிள்ளை,” என்று பேசியபடியே பூட்டுவா, பிறகு வந்து திறந்து விடுவா. கதவு இடுக்கால் கம்பி போகாது. கை போகாது. மூன்றாம் வெள்ளி, கதவோடு காதை வைத்துக்கொண்டு இருந்தபோது, வெளியில் பூட்டில் ஆரோ கம்பி போடுகிற சத்தம் கேட்டது. பழகாத கை. முதலாவது முளை. இரண்டாவது. மூன்று. நாலு. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. செல்வராணி அக்கா வந்து திறந்தபோது, “நான் இப்பதான் வாறன், இஞ்சை ஒருத்தரும் நிக்கேல்லை,” என்றா. ஒவ்வொரு வெள்ளியும் கேட்டது. நாலோடு நிற்கும். அது ஆர் என்று உம்மைத்தான் கேட்கிறேன்.

இந்த இடம்வரை எழுதிவிட்டு, நேற்றுக் காலமை உமது அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய தங்கச்சி அல்லவா? அவருக்குத் தெரியாமல் அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அவர் அழுவார், அல்லது என்னை அடிப்பார் என்று நினைத்தேன். கேட்டு முடித்துவிட்டு, எழும்பிப்போய் அறைக் கதவைச் சாத்தினார்.

“மலர், நீர் பூட்டேக்கை அவள் உள்ளைதான் இருந்தவள்,” என்றார் பிறகு.

எழுதின தாளைக் கீழே வைத்தேன்.

“நான் போகேக்கை கதவுக்குப் பின்னாலை இருந்து தட்டிக்கொண்டிருந்தவள். யன்னலாலை வந்த சன்னம் வயித்திலை. கல்லாலை பூட்டை அடிச்சுப் பாத்தன், அசையேல்லை. ‘அண்ணை, மச்சாளின்ரை கம்பி படியிலை கிடக்கும், எடுங்கோ’ எண்டாள். அவள் உள்ளை இருந்து சொல்லச் சொல்ல நான் செய்தனான். நாலு முளை வந்திட்டுது. அஞ்சாவது வராதாம். கம்பியைப் போட்டு முண்டினன். அவள் சிரிச்சவள், மலர். ‘மச்சாளும் இப்பிடித்தான், கடைசியிலைதான் நிப்பா. அவசரப்படாதேங்கோ, நான் இருக்கிறன்’ எண்டாள்.”

“திறந்ததோ?” என்று மட்டும் கேட்டேன்.

“திறந்தது. மடியிலை கிடந்துகொண்டு ஒண்டுதான் கேட்டவள். ‘என்னைக் கிணத்தடியிலை கிடத்திப்போட்டு, பூட்டைத் திரும்ப அமத்திவிடுங்கோ. நான் வெளியிலை நிண்டனான் எண்டு அவ நினைக்கட்டும்’ எண்டு. பின்கதவை அவளும் மறந்திட்டாள், நானும் மறந்திட்டன்.”

ஒரு வருடமாய் எனக்குக் கேட்ட சத்தம் எதுவென்று இப்போது தெரிகிறது. நீர் உள்ளே இருந்து கேட்ட சத்தம் என் காதுக்கு எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை.

உயிர் போகிற நேரத்தில் என்னைப் பற்றி நினைக்க உமக்கு ஆர் சொன்னது மச்சாள்? கத்தி என்னைத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேனே. இதை எப்படித் தாங்குவது?

மோகன் இதை வாசித்துவிட்டு இனி என்னை மாமி என்று கூப்பிடாமல் விடலாம். அது அவன் உரிமை. ஆனாலும் ஒரு வரியும் வெட்டாமல் இந்தக் கடிதத்தை நாளைக்கே அச்சகத்தில் கொடுப்பேன் என்று உமக்கு வாக்குத் தருகிறேன். எனக்காக நீர் சொல்லிவிட்டுப்போன அந்த ஒரு பொய்யை என்னால் வாங்கிக்கொள்ள ஏலாது. கோபமென்றால் கோபியும்.

உம்மை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஓடி வந்த
உமது மச்சாள்,
மலர்