கரோப் மரத்தடியிலிருந்து போட்ட கோடு

2012 ஜனவரி 9, திங்கள்

நான்காவது நாளாக மழை. தம்பி பானிக்கோஸ் போன் செய்தான். அப்பாவின் வயலில் முளைக்குச்சி அடித்துவிட்டானாம். செப்டம்பரில் மகள் ஆந்த்ரிக்குக் கல்யாணம், அதற்குள் வீடு எழும்பிவிட வேண்டுமாம். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காத அப்பன் சைப்ரஸில் காபிக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த வயலிலா? அங்கே முழுக்கக் களிமண், சரிவு நகருகிற இடம் என்றேன். தம்பி சிரித்தான்.

"உனக்கு எந்த எடந்தான் நகரல, அக்கா?"

நிலவியல் துறையில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். வீட்டில் நான் ஒரு வேடிக்கை.

ஜனவரி 11

விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். வயலில் பத்தடி நடப்பதற்குள் சாம்பல் நிறக் களிமண் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்க விடவில்லை. அப்பா நட்ட கரோப் மரம் சரிவைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. சாலை அதே இடத்தில் மூன்றாவது முறையாகப் பிளந்திருக்கிறது. பஞ்சாயத்துக்காரர்கள் தார் ஊற்றி மூடியிருக்கிறார்கள். ஏன் பிளக்கிறது என்று ஒருத்தராவது கேட்டார்களா? நான் சிறுமியாக இருந்தபோது பழைய ஊரில் சுவர்கள் வெடித்துத்தான் எல்லோரும் மேலே குடியேறினோம். களிமண் கீழேயே நின்றுகொள்வதாக நமக்கு எழுதிக் கொடுத்ததா என்ன?

ஒன்பது கோடி வருடத்துக்கு முன் இது கடலின் அடித்தளம். பிறகு தீவின் அடிப்பாறை மொத்தமும் கால்வட்டம் திரும்பியது. திரும்பியபோது மேற்கு ஓரத்தில் சிக்கியதெல்லாம் நசுங்கியது: கல், எரிமலைச் சாம்பல், சேறு. எங்கள் ஊர் அந்த நசுங்கலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, சில இடத்தில் தடிமனாக, சில இடத்தில் பெயருக்கு. அடியில் ஆப்பிரிக்கா இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறது. இதன்மேல் நின்றுகொண்டு என் தம்பி ரசமட்டம் வைத்துப் பார்க்கிறான்!

ஜனவரி 15, ஞாயிறு

பானிக்கோஸ் வீட்டில் சாப்பாடு. அனுமதி வாங்கியாகிவிட்டது என்றான். எந்த முட்டாள் கொடுத்தான் என்றேன். துறையின் வரைபடத்தைப் போய்ப் பாருடா, அந்த வயல் களிமண் நிறத்தில் இருக்கும் என்று கத்தினேன். ஆந்த்ரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி மாரூல்லா எழுந்து பாத்திரங்களை அடுக்கியபடி மெதுவாகச் சொன்னாள்:

"ஒங்கப்பா ஒனக்கும்தான் வீடு கட்டிக் குடுத்தாரு. அதுல ஒத்தையா ஒக்காந்துக்கிட்டு எம் பொண்ணு வீட்டத் தடுக்கறியே அண்ணி."

ஜனவரி 16

மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்து வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கினேன். அனுமதி கொடுத்தது அவர்கள்தான்.

ஜனவரி 20

மாவட்ட அலுவலகத்தில் பொறியாளர் லெஃப்கியோஸைப் பார்த்தேன். அனுமதியை நிறுத்துங்கள் என்று மேசையைத் தட்டினேன். அவர் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தார். வயல் வெள்ளை. சுண்ணாம்புப் பாறை. களிமண்ணின் எல்லை சாலைக்கு அந்தப் பக்கம், அழுத்தமான கறுப்புக் கோடாக. ஓரத்தில், வரைந்தவர்: கிறிஸ்தல்லா. என் பெயர்.

"மேடம், நாங்க ஒங்களத்தான் நம்பினோம்."



ஜனவரி 21

பழைய கள நோட்டைத் தேடி எடுத்தேன். 1986 மார்ச் 17. பச்சைத் திங்கள். நோன்பின் முதல் நாள், ஊரே வயலில் ஜமுக்காளம் விரித்துச் சாப்பிடுகிற நாள். வரைபடத்துக்கு அன்று அந்தச் சரிவு ஒன்றுதான் பாக்கி. என் கையெழுத்து: "எல்லை தெரியவில்லை, மண் மூடியிருக்கிறது. மரத்தடியிலிருந்து உத்தேசமாக." பக்கத்தில் விட்டுவிட்டுப் போட்ட கோடு. ஊகம் என்றால் அப்படித்தான் போடுவோம். அப்பா கையில் எள் ரொட்டியோடு கூப்பிட்டார். இதோ வந்துட்டேன் என்று ஓடினேன். நானூறு அடி. நின்று நின்று மண்ணைப் பார்த்து நடந்திருந்தால் இருபது நிமிடம்.

அச்சில் அது முழுக்கோடாகிவிட்டது. படம் வரைகிறவர்களைத் திட்டலாம் என்று பார்த்தேன். சரிபார்த்த பிரதியிலும் என் கையெழுத்துதான்.

சீ. ஊரையெல்லாம் முட்டாள் என்றேனே.

ஜனவரி 22

அந்தக் கோட்டுக்கு மேலே இப்போது மூன்று வீடுகள். மூன்றும் என் வரைபடத்தைக் காட்டி வாங்கிய அனுமதி.

பிப்ரவரி 2

பானிக்கோஸிடம் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை. "அப்ப ஒன்னோட எந்தப் பேச்ச நான் நம்பணும்? அன்னிக்குப் போட்டதையா, இன்னிக்குச் சொல்றதையா?" என்றான். எதையும் நம்பாதே, தோண்டிப் பார் என்றேன். முடியாது என்றான். ஆந்த்ரிதான் வாய் திறந்தாள்.

"தோண்டுங்கப்பா. அதுல தூங்கப் போறது நான்தானே."

பிப்ரவரி 14

பொக்லைன் வந்தது. வீடு வருகிற மேல்முனையில் தோண்டினார்கள். முதல் மூன்றடி வெள்ளைக் கல். பானிக்கோஸ் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லவே வேண்டாம். நாலாவது அடியில் சாம்பல் களிமண். எட்டடியில் சறுக்குத் தளம், தேய்த்து வழித்த மாதிரி பளபளவென்று, சரிவைப் பார்த்த கீறல்களோடு. மலை இறங்கிய தடம். தம்பி குழியில் இறங்கி உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். வெகுநேரம் எடுக்கவில்லை.

நான் சொன்னது சரி என்று நிரூபித்துவிட்டேன். இவ்வளவு கசப்பாக எதுவும் எனக்கு இருந்ததில்லை.

பிப்ரவரி 19

மூன்று வீட்டுக்கும் போய் நானே சொன்னேன். ஒருவர் உட்காரச் சொன்னார். ஒருவர் கதவைச் சாத்தினார். மூன்றாவது வீட்டு அம்மாள், சமையலறைச் சுவரில் விரிசல் வந்து இரண்டு வருடம் ஆகிறது, ஈரம் என்று நினைத்து வெள்ளையடித்தேன் என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 23

திருத்தக் கடிதம் துறைக்கு அனுப்பினேன். "தவறு என்னுடையது" என்ற வரியை இயக்குநர் எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை.

பிப்ரவரி 27, பச்சைத் திங்கள்

வெயில். எல்லோரும் வயலுக்கு வந்திருந்தார்கள். மாரூல்லா என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. பானிக்கோஸ் வீட்டுக்காக அடித்த முளைக்குச்சிகளைப் பிடுங்கி, கட்டாகக் கட்டி என் காலடியில் போட்டான். "ஒனக்குத்தான் வேணும், எடுத்துக்க" என்றான். வீடு எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை. கல்யாணம் தள்ளிப்போகும்.

சாலையிலிருந்து எல்லையைத் தேடத் தொடங்கினேன். அளவு நாடாவின் மறுமுனையை ஆந்த்ரி பிடித்தாள். ஐந்தடிக்கு ஒரு முறை துளைக்கருவியை இறக்கிப் பார்த்து, களிமண் தொடங்குகிற இடத்தில் ஒரு குச்சி. பாதி வழியில் மரத்தடியிலிருந்து பானிக்கோஸ் சாப்பிடக் கூப்பிட்டான். அப்பாவின் குரலேதான். ஆந்த்ரி என் முகத்தைப் பார்த்தாள்.

இன்னும் இருநூறு அடி இருந்தது. நடந்தோம்.